பரணில் கிடந்த தேனீ



வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த ஃபிளாப்பிகளும் குறுந்தகடுகளும் லால்பேட்டை வீட்டுப் பரணில் கிடந்தன. பழைய சாமான்காரரிடம் போடுமாறு வீட்டார் கூறினர், மனம் வரவில்லை. அவற்றுள் அதிராம்பட்டினத்து மர்ஹூம் உமர்தம்பி அவர்கள் உருவாக்கிய ‘தேனீ’ எழுத்துருவும் இருந்தது. விண்டோஸ் 98 கணினிகளில் யூனிகோடு தமிழ் கட்டங்கட்டமாகத் தெரிந்த காலம் அது. வாசகர் எதையும் நிறுவ வேண்டியதில்லை; இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் பக்கத்தோடு தானே இறங்கித் தமிழைக் காட்டிற்று தேனீ. இலவசமாகவே வழங்கினார். 2006இல் வஃபாத்தானார், அல்லாஹ் அன்னாரைப் பொருந்திக்கொள்வானாக.

ஃபிளாப்பியின் காந்தப் பூச்சில் ஈரக்காற்றால் பூஞ்சை படரும். எங்களூரோ வீராணம் ஏரிக்கரை! மூன்று ஃபிளாப்பிகள் திறக்கவேயில்லை. குறுந்தகடு வாசித்தது. கோப்புகளை இரண்டு வன்தட்டுகளில் படியெடுத்து, பதிப்பையும் ஆண்டையும் குறித்துவைத்தேன்.

முரசு அஞ்சலின் பழைய பதிப்புகளோ, திஸ்கி எழுத்துருக்களோ எவரிடமேனும் இருப்பின் எறிந்துவிடாதீர்கள். வாசிக்கும் கருவி என்னிடம் உண்டு.