எந்தப் படிப்பு, யாருக்கு?

தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்கு இல்லத் தாழ்வாரத்தில் ஒரு கூட்டம் சேர்ந்துவிடும். திருமுழுக்குச் சான்றிதழுக்காக வந்தவர் சிலர். வண்ணத் துண்டறிக்கைகளுடன் வந்தவர் பலர். கடலூர் துறைமுகத்தை அடுத்த தெருவிலிருந்து வந்த தாய் ஒருவர் நம்மிடம் நீட்டிய தாளில், வீட்டிலிருந்தபடியே ஓராண்டில் செவிலியர் ஆகலாம் என்று அச்சிடப்பட்டிருந்தது. மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்திருந்தது. கட்டணத்துக்காகத் தோட்டை அடகு வைக்கவும் அவர் ஆயத்தமாயிருந்தார்.

"ஏம்மா, ஊசி போடுவதை வீட்டிலிருந்து எப்படிக் கற்பது?" என்றோம். சிரித்துவிட்டார். பிறகு, "அப்ப எதுதான் சாமி உண்மை? எல்லாத் தாளும் ஒரே மாதிரிதானே இருக்கு" என்றார்.

இக்கேள்வியைத் தம் வாழ்நாள் பணியாக்கிக்கொண்ட ஒருவர் நம் அண்டை மண்ணில் பிறந்தவர். சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடத்தைக் கடந்தால் சீர்காழி. அங்கே 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராயிருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலக அறிவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931இல் நூலாயின. வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. நூல்களைப் பூட்டிக் காப்பவராக அவர் நூலகரைக் கருதவில்லை. வந்தவரின் தேவையைக் கேட்டறிந்து உரிய நூலோடு சேர்த்துவைப்பவராகவே கருதினார். எனவே துண்டறிக்கையை ஒதுக்கிவைத்துவிட்டு மகளை அழைத்து வரச் சொன்னோம். நோயாளரைப் பேணும் பணியையே அவள் உண்மையில் விரும்பினாள். செவிலியர் படிப்பைத் தொலைநிலையில் நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் இடந்தரவில்லை. செவிலியர் மன்ற அங்கீகாரமும் மருத்துவமனைப் பயிற்சியும் உள்ள கல்லூரிகளை அவளே விசாரிக்கத் தொடங்கினாள். தோடு தப்பியது.

போலிகளை இனங்காண்பது ஓரளவு எளிது. நற்பெயர் பெற்ற நிறுவனத்திலும் கேட்டே சேர வேண்டியிருப்பதுதான் கடினம். 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியபோது, கல்லூரிப் படியேற வாய்ப்பற்ற இல்லத்தரசியருக்கும் எழுத்தர்களுக்கும் ஒரு வாசல் திறந்தது. பகலெல்லாம் உழைத்து, இரவில் அப்பாடநூல்களைப் பயின்று உயர்ந்தோர் நம் பங்குகளிலும் உண்டு. அந்நன்றியை மறக்கலாகாது. எனினும், இளநிலைப் பட்டமின்றி அங்கே திறந்தநிலை முறையில் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15ஆம் கல்வியாண்டு வரையே ஏற்பு இருந்ததாக 2022 மார்ச்சில் மானியக் குழு பொது அறிவிப்பு வெளியிட்டது. இரவில் கண்விழித்துப் படித்தவரின் உழைப்பு மெய்யானது. கற்ற பாடமும் மெய்யானது. ஆயினும் பதவி உயர்வுக் கோப்பில் அச்சான்றிதழ் நிற்குமா என்ற கலக்கம் அவரைச் சேர்ந்தது. ஆதலால் நிறுவனத்தின் பெயரை மட்டும் நம்பிவிடாமல், சேரவிருக்கும் பருவத்தில், சேரவிருக்கும் அதே படிப்புக்கு ஒப்புதல் உண்டா என்று மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையத்தில் வெளியிடும் பட்டியலில் பார்த்தல் வேண்டும். பார்க்கத் தெரியாதவர் பங்கு இல்லத்துக்கு வரலாம். நம்முடைய பழைய கணினி அதற்கேனும் பயன்படட்டும்!

சான்றிதழ் நாடாமல், அறிந்துகொள்ளவே கற்போரின் சிக்கல் வேறு. தில்லையில் கரையான் அரித்ததுபோக எஞ்சிய தேவார ஏடுகளைத் தேடி மீட்ட வரலாற்றை மரபு சொல்கிறது. அன்று ஏட்டுக்குப் பஞ்சம். இன்று ஏடுகளின் வெள்ளம். 2001இல் தோன்றிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக நூல்களை இணையத்தில் தருகிறது. 2017இல் நடுவண் அரசு தொடங்கிய 'ஸ்வயம்' தளத்தில் பாடங்களைக் கட்டணமின்றிக் கற்கலாம். சான்றிதழுக்கான தேர்வுக்கே பணம். குருமடத்தில் எங்கள் இறையியல் பேராசிரியர் ஒருவர், நூலகத்துக்குள் நுழையும் மாணவரை வாசலிலேயே நிறுத்தி, "என்ன கேள்வியோடு போகிறீர்?" என்பார். பதில் இல்லாதவர் திரும்ப வேண்டியதுதான். அந்நாளில் அது எங்களுக்கு எரிச்சலூட்டியது.

நம் பாடகர் குழுவின் இளைஞர் ஒருவரிடம் அதே கேள்வியைக் கேட்டோம். மேற்கத்திய இசைக்குறிப்பைப் பார்த்துக் கீபோர்டு வாசிக்க விரும்பிய அவர், கைப்பேசியில் பத்துப் பயிற்சித் தொடர்களைச் சேர்த்துவைத்து, எதையும் முடிக்காதிருந்தார். ஒவ்வொன்றிலும் முதற்பாடத்தை மட்டும் செய்து பார்க்கச் சொன்னோம். ஒன்பதில் ஆசிரியரின் விரல்களே விளையாடின; ஒன்றில் மட்டும் மாணவர் வாசித்துப் பார்க்கவும் தவற்றைத் தாமே கண்டறியவும் பயிற்சிகள் இருந்தன. அதை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கினார். மாதம் ஒருமுறை, ஓய்வுபெற்ற இசையாசிரியர் ஒருவரிடம் வாசித்துக் காட்டவும் ஏற்பாடாயிற்று. கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலியில் இரு பாடல்களைக் குறிப்பைப் பார்த்தே வாசித்தார். மூன்றாம் பாடலுக்கு ஆசிரியர் இன்னும் இசைவு தரவில்லை.