ஆச்சியும் மணிமேகலா தெய்வமும்

எங்க ஆச்சிக்கு ஆட்கள் தெரிவாங்க. சுவர்ல சின்னச் சின்னப் பிள்ளைங்க வரிசையா உக்காந்திருக்கும். தலைப்பாகை கட்டின ரெண்டு பேர் பீரோ பக்கத்துல நிப்பாங்க. சில நாள் ஆளே இருக்காது, தரை பூரா கோலம் மாதிரி ஏதோ ஓடிக்கிட்டே இருக்கும். இதை எல்லாம் "இன்னிக்கு மழை வரும் போல" என்று சொல்கிற அதே குரலில் சொல்லுவாள். வயசு எண்பத்தி மூணு. க்ளாக்கோமாவில் ஒரு கண் முழுசாப் போச்சு, இன்னொன்று முக்கால்வாசி. மத்தபடி ஞாபகசக்தியில் என்னை விடக் கெட்டி. பால்காரர் கணக்கை இன்னும் அவள்தான் வாயால் போட்டுச் சொல்கிறாள்.

இந்தப் பதிவு அவங்களைப் பற்றி இல்லை. அவங்களோடு சேராத ஒருத்தியைப் பற்றி.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. நெல்லைக்காரங்களுக்கு இந்தத் தேதியை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. தாமிரபரணி ரெண்டு கரையும் தாண்டிப் போச்சு. குறுக்குத்துறை முருகன் வெள்ளத்தில் மூழ்குவது பழைய கதைதான், அவருக்கு அது பழக்கம். கலெக்டர் ஆபீசுக்குள்ளேயே தண்ணி புகுந்ததுதான் புதுசு. எங்க வீடு வண்ணார்பேட்டையில், பேராச்சியம்மன் கோயிலுக்கு நடந்து போகிற தூரம். அன்னிக்கு வீட்டில் அம்மா, அப்பா, ஆச்சி மூணு பேர்தான். நான் பெங்களூரில் பொட்டி தட்டிக் கொண்டிருந்தேன். ராத்திரி ஒன்பதரைக்கு அம்மா போன் எடுத்தாள், அதற்கப்புறம் இரண்டு நாள் லைன் கிடையாது. அந்த இரண்டு நாளைப் பற்றி எழுதப் போவதில்லை.

பின்னாடி அம்மா சொன்னது இது. கரண்ட் போய் எல்லாரும் படுத்தாச்சு. நடுச்சாமத்துக்கு மேல் ஆச்சி எழுந்து உட்கார்ந்து சத்தம் போட்டிருக்கிறாள்.

"ஏளா, வாசல்ல ஒருத்தி நிக்கா. தல பூரா நனைஞ்சிருக்கு. மேல போ, மேல போன்னு சொல்லுதா. கதவத் தொற."

அம்மா திட்டிக்கொண்டே டார்ச்சை எடுத்துக்கிட்டுப் போய்க் கதவைத் திறந்தால் அங்கே யாரும் இல்லை. ஆனால் தெருவில் இருந்த தண்ணி மேல்படி வரைக்கும் வந்திருந்தது. அப்பா ஆச்சியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டு மாடிக்கு ஏறியிருக்கிறார். அரை மணி நேரத்தில் எங்க வீட்டுக் கட்டில் மிதந்தது.

அம்மாவுக்கு இதில் சந்தேகமே கிடையாது. வந்தது பேராச்சி. பேராற்றுச் செல்விதானே பேச்சில் பேராச்சி ஆனது, ஆத்தங்கரைக்காரி, ஆறு ஏறி வந்தால் அவள்தானே முதலில் வந்து சொல்லணும்? பச்சைச் சேலை எடுத்துச் சாத்தியாச்சு. மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. "அம்மாவுக்கு மண்டையில என்னமோ ஆயிட்டிருக்கு, நீங்க சேலை சாத்திக்கிட்டு இருக்கீங்க" என்று ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். கேள்வி நாலு, மாத்திரை இரண்டு. மாத்திரை போட்டபின் ஆச்சி பகலெல்லாம் தூங்கினாள். முழித்திருக்கும்போது வாய் குழறியது. அதைவிட மோசம், அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். நான் பொங்கலுக்கு வந்தபோது, "ஆச்சி, பீரோ பக்கத்துல ஆள் இருக்காங்களா?" என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியல ராசா" என்றாள். பொய் என்று எனக்குத் தெரியும். வீட்டில் எல்லார் முகமும் எப்படி மாறுது என்று அந்தக் கால் கண்ணால் பார்த்துத்தான் அவள் அப்படிச் சொல்ல ஆரம்பித்திருக்கிறாள்.

மதுரையில் ஒரு கண் டாக்டரம்மா அஞ்சே நிமிஷத்தில் பெயர் சொன்னார். சார்ல் போனே சிண்ட்ரோம். 1760-லேயே சார்ல் போனே என்கிற ஜெனீவாக்காரர் தன் தாத்தாவுக்கு ஆளும் பறவையும் கட்டடமும் தெரிவதை எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தாத்தாவுக்கும் கண் மங்கல்தான், புத்தி தெளிவு. கண்ணிலிருந்து தகவல் வராதபோது மூளை சும்மா இருக்க முடியாமல் தானே படம் போட்டுக்கொள்கிறது. பைத்தியம் இல்லை. பெரும்பாலும் மருந்தும் தேவையில்லை, இது இன்னது என்று சொல்லிவிட்டாலே பாதி பயம் போய்விடும். மாத்திரையை, அதைக் கொடுத்தவரிடமே பேசி, கொஞ்சம் கொஞ்சமாக் குறைத்து நிறுத்தினோம். ஆச்சிக்குப் பேச்சு திரும்பியது. தலைப்பாகைக்காரங்களும் திரும்பினாங்க :-)

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் டாக்டரம்மா போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். இந்த உருவங்கள் பொதுவாகப் பேசாது, சத்தமில்லாத படம்தான். நான் ஆச்சியிடம் விளக்கிச் சொன்னபோது, எல்லாம் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒரே கேள்வி. "இவங்க சும்மா வாறவங்கன்னு எனக்கே தெரியும்லா. வெள்ளத்தன்னைக்கு வந்தவ பேசினாளே, அவ யாரு?"

என்னிடம் பதில் இல்லை. இன்னும் இல்லை. ஒரே ஒரு தடவை வந்து, திரும்ப வராத, லாக் ஃபைல் எதுவும் விடாத பக் மாதிரி. தூக்கத்தில் காதில் விழுந்த தண்ணிச் சத்தத்தை மூளை ஒரு பொம்பளையாக மொழிபெயர்த்திருக்கலாம். நான் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் "இருக்கலாம்" என்பதை ஆச்சி முகத்தைப் பார்த்துச் சொல்வது கஷ்டம்.

நிற்க. அந்த மாதங்களில்தான் மணிமேகலையைப் பொழிப்புரையோடு முழுசாப் படித்தேன். பள்ளிக்கூடத்தில் ஐம்பெருங்காப்பியம் இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்ததோடு சரி. அட்சயபாத்திரம், ஆபுத்திரன், அவ்வளவுதான் தெரியும். படித்தால் புத்தகம் பூரா பெண் தெய்வங்கள் மனுஷங்க முன்னாடி வந்து நிற்கிறாங்க. மதுரையில் பசித்தவர்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் தவிக்கிற ஆபுத்திரன் முன்னால் நள்ளிரவில் சிந்தாதேவி வந்து ஓட்டைக் கொடுக்கிறாள். மணிபல்லவத்தில் புத்த பீடிகையைக் காக்கிற தீவதிலகை. புகாரில் சம்பாபதி. வஞ்சியில் கண்ணகியே சிலையிலிருந்து மகளிடம் பேசுகிறாள். எல்லாருக்கும் மேலே மணிமேகலா தெய்வம், கடலைக் காக்கிறவள். கோவலனுடைய முன்னோர் ஒருத்தர் கப்பல் உடைந்து தத்தளித்தபோது கரை சேர்த்தவள். அந்த நன்றிக்குத்தான் பிள்ளைக்கு அந்தப் பெயர். பெயர் வைத்த ராத்திரி மாதவியின் கனவில், நிஜம் மாதிரியே வந்து பேசியதாகத் தெய்வமே சொல்லிக்கொள்கிறது. அப்புறம் தூங்குகிற பெண்ணைத் தூக்கிக்கொண்டு தெற்கே முப்பது யோசனை பறந்து தீவில் வைத்துவிட்டு வருகிறது. வேறு உரு எடுக்க, வானத்தில் போக, பசி தீர்க்க என்று மூணு மந்திரமும் தருகிறது. எனக்குப் பிடித்தது மூணாவது. பறக்கச் சொல்லித் தந்த சாமி, பசிக்கும் வழி செய்துவிட்டுப் போகிறது பாருங்க.

தண்ணியிலிருந்து ஆளைத் தூக்குகிற சாமி! எனக்கு ஆச்சி சொன்னவள் ஞாபகம் வந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது.

இந்தத் தெய்வம் நம்ம ஊரோடு நிற்கவில்லை. பாலி ஜாதகக் கதைகளில், மகாஜனக ஜாதகத்தில் அவள் வருகிறாள். தாய்லாந்து கோயில் சுவர்களில் நடுக்கடலில் நீந்துகிற ராஜகுமாரனையும் அவனுக்கு மேலே ஆகாயத்தில் மிதக்கிறவளையும் வரைந்திருப்பார்கள். மன்னர் பூமிபோல் அந்தக் கதையைத் தானே திரும்ப எழுதி 1996-ல் புத்தகமாகப் போட்டார். கம்போடியாவில் அவள் கையில் இருக்கும் மணி வீசுவதுதான் மின்னல் என்று நடனமே ஆடுகிறார்கள். இங்கே அவள் பெயரில் கோயில் தேடினால் கிடைக்காது.

இன்னொன்று, நம்ம மலையைப் பற்றி. மழை விட்ட மறுநாள் வெளுத்த வானத்தில் மேற்கே நீலமாகத் தெரியுமே, பொதிகை. நமக்கு அது அகத்தியர் மலை. பௌத்த நூல்கள் அவலோகிதேஸ்வரர் இருக்கும் மலையைப் போதலகம் என்கின்றன. அது நம்ம பொதிகைதான் என்று ஷூ ஹிகோசகா என்கிற ஜப்பானிய ஆய்வாளர் 1989-ல் எழுதினார். திபெத்தில் லாசாவின் போதலா அரண்மனை, சீனக் கடலோரத்தில் புதுவோ தீவு எல்லாமே இந்த மலைப் பெயரை வைத்துக்கொண்டவைதான். 11-ஆம் நூற்றாண்டு வீரசோழியத்தில் பௌத்தரான புத்தமித்திரர், அகத்தியர் தமிழ் கற்றதே அவலோகிதரிடம்தான் என்கிறார். இரண்டு பேரையும் ஒரே மலையில் குடிவைக்க இதைவிட நாசூக்கான வழி கிடையாது.

யுவான் சுவாங் 640-ஐ ஒட்டிக் காஞ்சி வரை வந்தவர். இந்தப் பக்கம் வராமல் கேட்டதை வைத்தே எழுதினார். மலை உச்சியில் ஒரு குளம், அதிலிருந்து மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கித் தென்கடலுக்குப் போகிற ஆறு. பொதிகைப் பூங்குளத்தையும் தாமிரபரணியையும் தெரிந்தவனுக்கு இதைப் படிக்கையில் மயிர்க்கூச்செறியும். (வரைபடம் வைத்துச் சண்டை போடுகிறவர்கள் போடலாம், நான் நெல்லைக்காரன், என் ஓட்டு பொதிகைக்கு.) போதிசத்துவரைப் பார்க்க உயிரைப் பணயம் வைத்து ஏறுகிறவர்கள் உண்டு, போய்ச் சேர்ந்தவர்கள் கொஞ்சம் பேர்தான் என்கிறார். அடுத்து அவர் எழுதியதுதான் முக்கியம். ஏறாமல் அடிவாரத்தில் இருக்கிறவர்கள் வேண்டிக்கொண்டால் அவர் அவங்களுக்கும் தெரிவார். எப்படி? சாம்பல் பூசிய பாசுபதச் சாமியாராக, சில சமயம் சிவனாகவே. வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்.

அதாவது யாருக்கு எந்த உருவம் பழக்கமோ அதில். அடிவாரத்து ஆளுக்குச் சிவன். அதே ஆள் சீனா போய்ச் சேர்ந்தபின் வெள்ளை உடுத்த பெண்ணாகவே ஆகிவிட்டார், குவான்யின். அவர் கண்ணீரில் பிறந்தவள் தாரா என்று ஒரு கதை. தாரா காக்கும் எட்டுப் பயங்களில் வெள்ளமும் ஒன்று. வண்ணார்பேட்டையில் எண்பது வருஷம் குடியிருந்தவளுக்கு யார் உருவத்தில் தெரியும்? பேராச்சி உருவத்தில்தான்.

காட்சி கிடைப்பது எல்லாம் நல்லது என்று சொல்ல வரவில்லை. புதுவோ தீவில் ஒரு கடற்குகையில் குவான்யினைப் பார்க்கப் போகிறவர்கள் விரலை எரித்துக்கொள்வதும் கீழே குதிப்பதுமாக இருக்க, அதைத் தடை செய்து கல்லில் வெட்டி வைக்க வேண்டி வந்தது. இந்தப் பைத்தியம் நமக்கு மட்டும் சொந்தமில்லை.

மணிமேகலையில் இன்னொரு ஆச்சரியம். இத்தனை தெய்வம் வந்து போகிற புத்தகம் கடைசியில் காஞ்சியில் தர்க்கப் பாடமாக முடிகிறது. எது காட்சி, எது அனுமானம், எந்தெந்த வாதம் ஓட்டை என்று அறவண அடிகள் பட்டியல் போடுகிறார். இன்ஜினியரிங் படித்தவனுக்கு அந்தக் காதைதான் சொந்த ஊர் மாதிரி. பௌத்தத் தர்க்கக்காரர்கள் பொய்க்காட்சிக்குச் சொல்கிற வழக்கமான உதாரணம் என்ன தெரியுமா? திமிரம் என்கிற கண் நோய் வந்தவனுக்கு இல்லாத முடியிழைகள் காற்றில் மிதப்பது போலத் தெரிவது. சார்ல் போனேவுக்கு ஆயிரம் வருஷம் முன்னாடியே! அதே ஆட்கள், தர்மகீர்த்தி உட்பட, மெய்யான காட்சியின் வகைகளில் யோகியின் காட்சியையும் சேர்த்தார்கள். இரண்டுக்கும் இடம் வைத்திருந்தார்கள். எங்க வீட்டில் மாமா ஒன்றுக்கும் அம்மா மற்றொன்றுக்கும்தான் இடம் வைத்தார்கள்.

போன மாதம் ஊருக்குப் போனபோது ஆச்சி தானாகவே ஆரம்பித்தாள். வெள்ளத்தில் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் போய்விட்டார், தனியாக இருந்தவர். "அவரு வீட்டு வாசல்ல ஏன் ராசா அவ போய் நிக்கல? எனக்கு மட்டும் என்ன?" என்றாள். இரண்டு வருஷமாக இதை மனசில் வைத்திருந்திருக்கிறாள். அம்மா உள்ளே எழுந்து போய்விட்டாள்.

எனக்குத் தெரிந்தது அந்த ஜாதகக் கதைதான், அதைச் சொன்னேன். கப்பல் உடைந்து மகாஜனகன் ஏழு நாள் கடலில் நீந்துகிறான். நல்லவர்களைக் காப்பாற்றத்தான் மணிமேகலையை அந்தக் கடலுக்குக் காவல் வைத்திருக்கிறார்கள். அவளோ தேவலோகத்துச் சுகத்தில் ஏழு நாளும் கடல் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஏழாம் நாள்தான் ஞாபகம் வந்து ஓடி வருகிறாள். வந்ததும், கரையே தெரியாத இடத்தில் எதுக்கு நீந்துகிறாய் என்று அவனையே கேள்வி வேறு கேட்கிறாள்.

"ஏழு நாளா?"

"ஏழு நாள் ஆச்சி."

"அது வரைக்கும் மத்தவனெல்லாம்?"

"மத்தவங்க எல்லாரும் போயிட்டாங்க."

ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "கூறுகெட்டவ" என்றாள். கோபமாகவும் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சொல்வது மாதிரி. அப்புறம், "சரி, அந்தப் பையனை எங்க கொண்டு விட்டா?"

"மிதிலையில. ஒரு மாந்தோப்புல, கல்லு மேல படுக்க வச்சுட்டுப் போயிட்டா."

"மிதிலையா? அப்ப சீதை ஊருல்லா அது" என்றாள் ஆச்சி.