நொய்யல் கரையில் ஒரு வீடு

திருச்சியிலிருந்து கோவைக்குச் செல்லும் சாலை கரூர் வரையில் பெரும்பாலும் காவிரியை ஒட்டியே செல்கிறது. குளித்தலைப் பக்கத்து வாழைத் தோட்டங்களில் அன்று எங்கள் மனம் ஈடுபடவில்லை. பின்னிருக்கையில் எங்கள் பெரியம்மா அமர்ந்திருந்தார்கள். பள்ளியில் நெடுங்காலம் பூகோளம் கற்பித்தவர்கள். தாயை இழந்த எங்களைத் தம் பிள்ளைகளாகவே வளர்த்தவர்கள். ஈராண்டுகளாக நினைவு தப்பத் தொடங்கி, இரவில் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கவும் தலைப்பட்டார்கள். முறை வைத்துக் கண்விழித்தும் இயலாமற்போகவே, கோவைக்கு மேற்கே கன்னியர் நடத்தும் முதியோர் இல்லமொன்றில் இடம் கேட்டுப் பெற்றோம்.

உண்மையைச் சொல்லத் துணிவு வரவில்லை. "வேளாங்கண்ணிக்குப் போகிறோம்" என்று கூறியே காரில் ஏற்றினோம். கரூரை நெருங்கியபோது வழிகாட்டிப் பலகையைப் படித்த பெரியம்மா, "வேளாங்கண்ணி கிழக்கே அல்லவா இருக்கிறது?" என்றார்கள். எவரும் வாய் திறக்கவில்லை. காங்கேயம், பல்லடம் கடந்தும் காருக்குள் பேச்சு எழவில்லை.

பேரூரைத் தாண்டிச் சிறுவாணிச் சாலையில் சென்றால் காற்றே வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று அது. இருபுறமும் தென்னையும் பாக்கும். எதிரே வெள்ளியங்கிரி மலைத்தொடர். அம்மலையில் பிறக்கும் நொய்யல் கிழக்கே ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. முதியோர் குடியிருப்புகள் கோவையைச் சுற்றிப் பெருகியிருப்பதற்கு இந்த இதமான தட்பவெப்பமும், நகரின் மருத்துவமனைகளும் காரணங்களாம்.

வாசலில் வரவேற்ற தலைமைச் சகோதரி முதலில் கேட்டது, "அம்மாவுக்கு எங்கே வந்திருக்கிறோம் என்று தெரியுமா?" என்பதே. நாங்கள் தலைகுனிந்தோம்.

"பொய் சொல்லி அழைத்து வரப்பட்டவர்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நினைவு மங்கினாலும் ஏமாந்த உணர்வு எளிதில் மங்காது" என்றவர், பெரியம்மாவின் கையைப் பற்றி, "இது இனி நீங்கள் தங்கப்போகும் வீடு, அம்மா. பிள்ளைகள் மாதம் இருமுறை வருவார்கள்" என்றார். பெரியம்மா எங்களை ஒருமுறை பார்த்தார்கள். அந்தப் பார்வையை இங்கே எழுத எங்களால் இயலாது.

அலுவலகத்தில் மருத்துவச் சீட்டுகளையும், இரவில் அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணையும் கேட்டார்கள். ஓய்வூதியத்திற்கான உயிர்வாழ் சான்றுக்காகத் திருச்சிக்கு அலைய வேண்டியிருக்குமோ என்று கவலைப்பட்டோம். இருந்த இடத்திலேயே விரல்ரேகை வைத்துச் சான்றளிக்கும் முறை 2014-இலேயே வந்துவிட்டது என்றறிந்து ஆறுதலடைந்தோம். பிறகு வந்த வினாக்களே எங்களைத் திணறடித்தன. எந்தப் பக்கம் சாய்ந்து உறங்குவார்கள்? காப்பிக்குச் சர்க்கரை எவ்வளவு? எப்பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பார்கள்? அவர்கள் கையால் உண்டு வளர்ந்த எங்களுக்குப் பாதிக்கு மேல் விடை தெரியவில்லை.

புதிதாக வாங்கிச் சென்ற விரிப்புகளையும் தட்டுகளையும் சகோதரி திருப்பித் தந்துவிட்டார். "பழையவற்றைக் கொண்டு வாருங்கள். அவர்கள் கைக்குப் பழகிய போர்வை, டம்ளர்... அவைதாம் இந்த அறையை அவர்களுடையதாக்கும்." துணிகளில் மட்டும் பெயரின் முதலெழுத்தை நூலால் தைக்கச் சொன்னார், சலவை பொதுவானது. விடைபெறுவதை நீட்டவேண்டாம், உணவு மணி அடித்ததும் புறப்படுங்கள் என்பதும் அவர் சொன்னதே. மணி அடித்தது, புறப்பட்டோம். பேரூர் வரும்வரை காரை ஓட்டியவரின் கண்களும் காய்ந்திருக்கவில்லை.

வரவேற்பறையில் புனித ழான் ஜூகனின் படம் இருந்தது. 1839-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பிரான்சின் செயின்ட் செர்வான் ஊரில், பார்வையிழந்த மூதாட்டி ஒருவரைத் தம் இருப்பிடத்திற்கு அழைத்துவந்து, தம் படுக்கையையே கொடுத்தவர். அவர் தொடங்கிய சபையின் கன்னியர் 1882-இல் கல்கத்தாவுக்கு வந்தனர். 2009-இல் அவர் புனிதராக உயர்த்தப்பெற்றார். படுக்கையைக் கொடுத்தவரின் படத்திற்கு எதிரே அமர்ந்து ஒப்படைப்புத் தாளில் கையெழுத்திடுவது எளிதாக இருக்கவில்லை.

ஊர் திரும்பிய ஞாயிறன்று, "தள்ளிவிட்டு வந்துவிட்டீர்களா?" என்று கோயில் வாசலிலேயே ஒருவர் கேட்டார். இரவுக் காவலுக்கு ஒருநாளும் வராதவர் அவர். அக்கேள்வி பல நாள் நெஞ்சில் முள்ளாய் உறுத்தியதை மறைப்பதற்கில்லை.

மூன்றாம் முறை சென்றபோது பெரியம்மாவின் பழைய பூகோள உருண்டையை எடுத்துச் சென்றோம். மர நிழலில் பக்கத்து அறைப் பாட்டியுடன் அமர்ந்திருந்தவர்கள், அதை மடியில் வைத்து மெல்லச் சுழற்றினார்கள். எங்கள் பெயர் நினைவுக்கு வரவில்லை. ஆயினும் பாட்டியிடம் எங்களைக் காட்டிச் சிரித்தபடி சொன்னார்கள்:

"என் பிள்ளைகள். கரூர் வழியாக வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள்."