ஒரு பழைய கார் வாங்கின கதை

கார் வாங்கினதைப் பற்றியெல்லாம் நம்ம பத்திரிகையில் எழுதணுமா என்று விழுப்புரத்துத் தோழர் போனில் கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். மலக்குழியில் இறங்கிச் சாகிறவனும், செங்கல் சூளையில் முன்பணத்துக்கு அடிமைப்பட்டுக் கிடக்கிறவனும் பேசவேண்டிய பக்கங்கள் இவை. இதில் கலிஃபோர்னியாவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன் என்று எழுதினால் கொழுப்பு என்றுதான் சொல்வார்கள். எழுதி அனுப்புகிறேன், பிடிக்காவிட்டால் கிழித்துப் போடுங்கள் என்றேன்.

ஆசையை நான் மறைக்கப்போவதில்லை. நான் இருப்பது ஃப்ரீமாண்ட். ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாக நடத்தி 2010-இல் மூடின தொழிற்சாலையை டெஸ்லா வாங்கி, 2012-லிருந்து அங்கேதான் மாடல் எஸ் செய்தது. ஒப்பந்த வேலைக்கு வந்த புதிதில் பஸ் நிறுத்தத்தில் நிற்பேன். சத்தமே இல்லாமல் அந்தக் கார் எதிரே வழுக்கிக்கொண்டு போகும். கைப்பிடிகூட கதவுக்குள் புதைந்து கிடக்கும். என்றைக்காவது ஒன்று வாங்கணும் என்று அப்போதே மனசுக்குள் விழுந்துவிட்டது. சக ஊழியர்கள், நம்ம ஊர்க்காரர்கள்தான், பழைய கேம்ரி வாங்கு, மைலேஜ் வரும், எளிமையா இரு என்றார்கள். எங்களுக்கு எளிமையைச் சொல்லித்தருகிறவன் எவனும் எளிமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

வண்டி என்பது எங்களுக்கு வெறும் வண்டி அல்ல. 1893-இல் அய்யன்காளி திருவிதாங்கூரில் ஒரு வில்வண்டி வாங்கி, புலையருக்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். அதற்கு அடிதடி நடந்தது. 1929-இல் அம்பேத்கர் சாளீஸ்காவ் ஸ்டேஷனில் இறங்கியபோது தீண்டத்தகாதவனை ஏற்றிக்கொண்டு ஓட்ட எந்தக் குதிரைவண்டிக்காரனும் வரவில்லை. வண்டியை மட்டும் வாடகைக்குக் கொடுத்தார்கள். ஓட்டத் தெரியாத ஒருவர் ஓட்டினார். பாலத்தில் வண்டி கவிழ்ந்து அம்பேத்கருக்குக் கால் முறிந்தது. படித்த பாரிஸ்டருக்கு வண்டி மறுத்த நாடு இது. பிறகு எளிமையைப் பற்றி என்ன பேச்சு?

எங்க நைனா 1986-இல் திண்டிவனத்தில் ஒரு போஸ்ட்மேனிடம் பழைய சைக்கிள் வாங்கினார். வாங்கும்போது நான் கூடப் போயிருந்தேன், எனக்கு எட்டு வயசு. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றிவிட்டு, ரிம் ஆடுகிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். செயினைத் தொட்டு விரலை முகர்ந்தார். எண்ணெய் இன்றைக்குப் போட்டதா, தினமும் போடுகிறவனா என்று பார்க்கிறாராம். அதற்கப்புறம் நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். மாரியம்மன் கோயில் முனை வந்ததும் நைனா இறங்கினார், என்னையும் இறக்கினார். ஊர்த்தெரு முடிந்து களம் வரும்வரை தள்ளிக்கொண்டே நடந்தார். சேரிக்காரன் ஊர்த்தெருவில் வண்டிமேல் உட்காரக்கூடாது. யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை, எல்லாருக்கும் தெரிந்த சட்டம். அடுத்த ஐப்பசியில் ஒருநாள் பேய்மழை. என் தங்கச்சிக்குக் காய்ச்சல், அவளைக் கேரியரில் வைத்துக்கொண்டு இறங்காமலே மிதித்து வந்துவிட்டார். மறுநாள் சைக்கிள் பம்புசெட்டுக் கிணற்றில் கிடந்தது. நைனா அதைத் தூக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் எந்த வண்டியும் வாங்கவில்லை.

இப்போது கார் விஷயத்துக்கு வருகிறேன்.

2024-இல் பழைய மின்கார் விலையெல்லாம் சரிந்து கிடந்தது. அந்த வருசத் தொடக்கத்தில் வாடகைக்கார் கம்பெனியான ஹெர்ட்ஸ் 20,000 மின்கார்களை விற்கப்போவதாக அறிவித்தது. டெஸ்லாவும் புதுக்கார் விலையைக் குறைத்துக்கொண்டே வந்தது. என் கையில் 30,000 டாலர் இருந்தது, சேர்த்த காசு, கடன் இல்லை. அதிலிருந்து பத்தாயிரத்தைத் தொடக்கூடாது என்று முதலிலேயே ஒதுக்கிவைத்தேன். பழைய மின்கார் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய புத்தி இது ஒன்றுதான். பெட்ரோல் காரில் எஞ்சின் போனால் ஏதோ சமாளிக்கலாம். இதில் பேட்டரி போனால் காரின் விலையே மறுபடி வெளியே போகும்.

போர்ஷே டைகானைப் போய்ப் பார்த்தேன். 800 வோல்ட், ஏறி உட்கார்ந்தால் இறங்க மனசு வராது. பழசே என் கைக்கு எட்டாத விலை. டெஸ்லாவின் முதல் கார், லோட்டஸ் உடம்பை வைத்துச் செய்த ரோட்ஸ்டர், 2008-இலிருந்து 2012 வரை 2,450 அளவில்தான் செய்தார்கள், அது இப்போது பணக்காரன் சேர்த்துவைக்கிற சாமான் ஆகிவிட்டது. மாடல் 3 வாங்குவதுதான் புத்தி. வயசு குறைவு, உத்தரவாதம் மிச்சம் இருக்கும். 25,000 டாலருக்குள் பழைய மின்கார் வாங்கினால் 4,000 வரை வரிச்சலுகை அப்போது இருந்தது, 2025 செப்டம்பரோடு அது முடிந்தது. நானும் என் மனைவியும் சேர்ந்து சம்பாதிப்பது அதற்கான வருமான எல்லையைக் கொஞ்சம் தாண்டியிருந்ததால் அதுவும் இல்லை. புத்தி மாடல் 3 என்றது. பஸ் நிறுத்தத்தில் நின்றவன் மாடல் எஸ் என்றான்.

பழைய மாடல் எஸ்ஸில் பார்க்கவேண்டியவற்றை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். 2020-க்கு முன் விற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் எட்டு வருசம் உத்தரவாதம், மைல் கணக்கு இல்லை. ஆனால் 2014, 2015 வண்டிக்கெல்லாம் அது ஏற்கெனவே முடிந்திருக்கும். நூறு சதம் சார்ஜ் ஏற்றி எத்தனை மைல் காட்டுகிறது என்று பார்க்கவேண்டும். புதிதில் 265 காட்டின வண்டி 240 காட்டினால் நல்லது, 210 காட்டினால் ஓடு. நடுவில் இருக்கிற பெரிய திரையின் நினைவுச் சில்லு தேய்ந்து செத்துப்போகும். அதற்காக 2021-இல் ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள், அது மாற்றியாயிற்றா என்று கேட்கவேண்டும். பின்பக்கத்துப் பெரிய மோட்டாரில் குளிர்ச்சித் தண்ணி உள்ளே கசியும். வேகத்தை அளக்கிற சென்சாரைக் கழற்றிப் பார்த்தால் ஈரம் தெரியும். ஈரமிருந்தால் மோட்டாருக்கு நாள் குறித்தாயிற்று. அந்தக் காலத்து வண்டிகளில் பலவற்றுக்கு நெடுஞ்சாலை சார்ஜ் ஆயுசுக்கும் இலவசம், தனியாளிடம் வாங்கினால் அது வண்டியோடேயே வரும். விபத்தில் நொறுங்கி எழுதித் தள்ளின வண்டி மலிவாகக் கிடைக்கும், தொடவேண்டாம்.

முதலில் பார்த்தது 2015-இன் 85 டி. 61,000 மைல், முழுச் சார்ஜில் 251. விற்றவர் தமிழர். பெரிய வீடு, நன்றாகப் பேசினார், சென்னையிலிருந்து வந்திருந்த அவர் மாமியார் காபி கொடுத்தார். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"சொந்த ஊர் எதுங்க?"

"திண்டிவனம் பக்கம்."

"அட, நம்ம பக்கம்தான்! டவுனா, கிராமமா?"

ஊர்ப் பேரைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்த ஊரில் அவர் சித்தி வீடு இருக்கிறதாம். ரைஸ்மில் வைத்திருந்தவர் யார், தலைவராக இருந்தவர் யார் என்று பேர்பேராகக் கேட்டார். எல்லாரையும் எனக்குத் தெரியும். அவர்கள் நிலத்தில்தானே என் ஆயா நடவு நட்டாள். தெரியும் தெரியும் என்று தலையாட்டினேன். என் பேரில் சாதி தெரியாது, ஆளும் கொஞ்சம் சிவப்பு. அவராக முடிவுகட்டிக்கொண்டார். "நம்ம ஆளுங்ககிட்ட என்ன பேரம், 23,000 போட்டிருக்கேன், நீங்க 21 குடுங்க" என்றார்.

இங்கேதான் நான் எழுத வந்தது இருக்கிறது. ரெண்டாயிரம் டாலர். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பொய்கூடச் சொல்லவேண்டாம். நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, காபி ஆறுகிற அளவுக்கு. அந்த நேரத்தில் மனசுக்குள் இன்சூரன்ஸ், டயர், பதிவுச் செலவு எல்லாம் கணக்குப் போட்டேன். பத்து வருசமாகப் பல கூட்டங்களில் மைக் பிடித்துச் சாதியைப் பற்றிப் பேசியவன் நான். சிஸ்கோ கம்பெனியில் ஒரு தலித் பொறியாளருக்கு நடந்ததாக 2020-இல் மாநில அரசு வழக்குப் போட்டபோது கையெழுத்து வாங்கித் திரிந்தவன். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தபோது வீட்டில் பாயசம் வைத்தோம். அதே அக்டோபரில் கலிஃபோர்னியா மசோதாவை, இருக்கிற சட்டமே போதும் என்று ஆளுநர் நியூசம் வீட்டோ செய்தபோது அழுதோம். அவ்வளவும் பண்ணினவன் ரெண்டாயிரம் டாலருக்காக ரைஸ்மில்காரன் வீட்டுப் பிள்ளையாக ஒரு காபி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் சொன்னேன். "நாங்க காலனிங்க."

அவர் கோபப்படவில்லை. "ஓ... அதுக்கென்னங்க, இங்க வந்து அதெல்லாம் யார் பாக்கறா" என்றார். அதற்குப் பிறகு ஊர்ப்பேச்சு நின்றுபோயிற்று. இன்னொருத்தர் வண்டியைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருப்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மறுநாள் விற்றுப்போய்விட்டது என்று செய்தி அனுப்பினார். விளம்பரம் இன்னும் மூன்று வாரம் இருந்தது. என் மனைவியிடம் சொன்னேன். "23-க்கே குடுத்திருந்தாக்கூட அந்த வண்டியில நான் உக்காந்திருக்க மாட்டேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எவ்ளோ நேரம் பேசாம இருந்தீங்க?" என்று கேட்டாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

கடைசியில் வாங்கியது 2014-இன் பி85, ஒரு மெக்சிகோக்காரத் தச்சரிடம். 93,000 மைல், 17,400 டாலர். முழுச் சார்ஜில் 238, பத்து சதம் குறைவு. திரையின் சில்லு மாற்றியாயிற்று. மெக்கானிக் சென்சாரைக் கழற்றித் துணியில் துடைத்துக் காட்டினார், காய்ந்திருந்தது. முன் டயர் ரெண்டும் உள்பக்கம் தேய்ந்திருந்தது, சஸ்பென்ஷனில் ஒரு கை மாற்றவேண்டும். தச்சர் என்னை எந்த ஊர் என்று கேட்கவில்லை. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். இதை வைத்து அமெரிக்காவில் பேதமில்லை என்று நான் சொல்லவரவில்லை, அவரைப் போன்றவர்களை இங்கே எப்படி நடத்துகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

நைனாவுக்குப் போன் பண்ணினேன். விலையைக் கேட்டார். பதினாலு லட்சத்துக்கு மேல ஆவுது என்றேன். "ஏன்டா, ஊர்ல ஒரு காணி வாங்கியிருக்கலாமேடா" என்றார். பிறகு, ஓட்டினவன் எப்படிப்பட்டவன், எண்ணெயெல்லாம் ஒழுங்காகப் போட்டிருக்கிறானா என்று விசாரித்தார். இதுக்கு எஞ்சின் ஆயிலே கெடையாது நைனா என்றேன். நம்பவில்லை.

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் புல்லட் ஓட்டினான் என்று ஒரு தலித் கல்லூரி மாணவனின் கைகளை வெட்டினார்கள். அந்தச் செய்தி வந்த அன்றைக்கு நைனா அவராகவே போன் பண்ணினார். செய்தியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அந்த வண்டி நல்லா ஓடுதா?" என்று மட்டும் கேட்டார். ஓடுது என்றேன்.

ஜூனில் அவரை இங்கே அழைத்து வந்தோம். விமான நிலையத்திலிருந்து வரும்போது முன்சீட்டில் உட்காரச் சொன்னால் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார், மருமகள் முன்னால் உட்காரட்டும் என்றார். இரண்டு நாள் கழித்து, ராத்திரி எட்டு மணிக்கு, அவராகக் கேட்டு முன்சீட்டில் ஏறினார். மிஷன் மலை அடிவாரம் வரை போனோம். வேகமாகப் போ என்று சொல்வாரென்று நினைத்தேன். மெதுவாகப் போ என்றார். வீடுகள் இருக்கிற தெருவில் வரும்போது கண்ணாடியை இறக்கச் சொல்லி, கையை வெளியே வைத்துக்கொண்டு, ரெண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தார். அந்தத் தெருவைத் திரும்பச் சுற்றச் சொன்னார். மூன்று தடவை சுற்றினோம்.

வீட்டுக்கு வந்தால் அவர் பக்கத்துக் கைப்பிடி வெளியே வரவில்லை. பழைய மாடல் எஸ்ஸின் தெரிந்த வியாதி, உள்ளே சின்னப் பல்சக்கரம் ஒன்று உடையும். உள்ளேயிருந்து திறக்கலாம், இதைப் பிடிச்சு இழுங்க நைனா என்று காட்டினேன். அவசரமில்லை, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன் என்றார். சாமான் வந்துவிட்டது. சனிக்கிழமை கதவைக் கழற்றி நானே மாட்டவேண்டும்.