உப்பின் அளவு

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பார்கள் நம் முன்னோர். குழம்பில் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் நாக்கு உடனே சொல்லிவிடும். ஆனால் 'எவ்வளவு கூடிற்று?' என்று கேட்டால் நாக்கு விடை சொல்லாது. அந்த 'எவ்வளவு' என்ற கேள்வியில்தான் வேதியியல் தொடங்குகிறது. உப்பளத் தொழிலாளியின் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் என்ற முறையில், அக்கேள்வியைப் பற்றிச் சில எண்ணங்களை மாணவ நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

தூத்துக்குடியைச் சுற்றியுள்ள உப்பளங்களின் வெண்குவியல்களைப் பலரும் ரயிலிலிருந்தோ பேருந்திலிருந்தோ கண்டிருப்பீர்கள். அந்த வெண்மைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. கடல்நீரையோ கிணற்று உவர்நீரையோ முதலில் தெப்பங்களில் தேக்குவார்கள். வெயிலும் காற்றும் உறிஞ்ச உறிஞ்ச நீர் கெட்டிப்படும். கடல்நீர் ஏறக்குறைய 3 டிகிரி. 13 டிகிரி அளவில் ஜிப்சம் படியத் தொடங்கும். 25 டிகிரியை நெருங்கிய நீரைப் பாத்தியில் பாய்ச்சினால் உப்பு விளையும். 29, 30 டிகிரிக்கு மேலும் விட்டுவைத்தால் மக்னீசிய உப்புகளும் சேரும். உப்பு கசக்கும், ஈரத்தை இழுத்துக் கசியும். அதற்குள் அந்நீரை வடித்துவிட வேண்டும். நான்கைந்து டிகிரிக்குள் ஒரு பருவத்தின் உழைப்பே அடங்கிக் கிடக்கிறது!

இங்கே 'டிகிரி' என்பது வெப்பத்தின் அளவு அன்று. பிரெஞ்சு வேதியியலார் அந்துவான் போமே 1768-இல் வகுத்த அடர்த்தி அளவு. தூய நீரில் மிதவை நிற்கும் இடத்தை 0 என்றும், நூற்றுக்கு 15 பங்கு உப்புள்ள கரைசலில் அது நிற்கும் இடத்தை 15 என்றும் அவர் குறித்தார். உப்பை அளக்கும் கோலே உப்பைக் கொண்டு ஆக்கப்பட்டது என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

ஆய்வுக்கூடத்தில் நாம் செய்வது வேறு வழி. அது மோர் முறை. (குடிக்கும் மோர் அன்று; 1856-இல் இம்முறையைத் தந்த ஜெர்மானியரின் பெயர்!) உப்புநீரில் இரண்டொரு சொட்டுப் பொட்டாசியம் குரோமேட்டை இட்டு, ப்யூரெட்டிலிருந்து சில்வர் நைட்ரேட்டை விடுகிறோம். குளோரைடு தீரும்வரை வெள்ளை வீழ்படிவு. தீர்ந்த மறுகணம் செங்கல் நிறம். இதே தத்துவத்தைக் காகிதப் பட்டையில் ஏற்றி, உப்புநீர் நீச்சல் குளங்களையும் சோதிக்கிறார்கள். அக்குளங்களில் லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் வரை உப்பு இருக்கும். கடலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. மின்சாரம் அந்த உப்பிலிருந்து குளோரினைப் பிரித்துக் கிருமிகளைக் கொல்கிறது. உப்புக் குறைந்தால் குளோரின் போதாது. மிகுந்தால் உலோகம் அரிக்கும். உப்பளமாயினும் நீச்சல் குளமாயினும் அளவு தவறினால் கேடுதான்.

பேராசிரியரின் அனுமதியோடு ஒரு சீசா கடல்நீரைக் கொண்டுவந்து நானே சோதித்தேன். 10 மில்லியை 250 மில்லியாக நீர்க்கச் செய்து, அதில் 20 மில்லிக்கு 0.02 நார்மல் சில்வர் நைட்ரேட் ஏறக்குறைய 22 மில்லி செலவாயிற்று. கணக்கிட்டால் லிட்டருக்குச் சுமார் 32 கிராம் உப்பு. விரல்களில் கறுப்புக் கறையோடு வீட்டுக்குப் போய்ப் பெருமையாகச் சொன்னேன். தந்தையார் சிரித்தார். "மூணு டிகிரித் தண்ணிதானேம்மா!" என்றார்.

தந்தையார் பள்ளிக்குச் சென்றதில்லை. ஆனால் நீரின் நிறம் சிவப்பதைக் கண்டும், விரலிடையே அதன் வழவழப்பை உணர்ந்தும், ஒரு சொட்டை நாவில் வைத்தும் அதன் பக்குவத்தைச் சொல்வார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பகலில், "தண்ணி கசந்துபோச்சு, வடிச்சிரணும்" என்று அவர் கூறினார். மேற்பார்வையாளரோ, "கருவி 28 தான் காட்டுது, உன் நாக்குக்கா கணக்குப் பார்க்கிறது?" என்று மறுத்துவிட்டார். வாரிய உப்பு கசிந்தது, விலை குறைந்தது. பழி மட்டும் தந்தையார் மேல் விழுந்தது.

கல்லூரியில் படித்தபோதுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. சூடேறிய நீர் விரிந்து அடர்த்தி குறையும். ஆகவே நண்பகல் வெயிலில் கருவி ஒரு டிகிரி வரைகூடக் குறைத்துக் காட்டலாம். வெப்பநிலைக்கேற்பத் திருத்திக்கொள்ள வேண்டும். மேலும், கரைந்திருப்பது எந்த உப்பு என்று அந்த மிதவைக்குத் தெரியாது. மோர் முறையும் மக்னீசியத்தோடு சேர்ந்த குளோரைடைத் தனியே பிரித்துக் காட்டாது. மக்னீசியத்தை அறிய ஈ.டி.டி.ஏ. கரைசல் கொண்டு வேறு சோதனை செய்ய வேண்டும். அன்று இவை எல்லாம் சொல்லியிருக்கக்கூடியதை என் தந்தையாரின் நாக்கு சொல்லிற்று. அதைக் கேட்பார்தான் இல்லை.

இதனால் கருவி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. உண்ணும் உப்பில் நூற்றுக்கு 96 பங்குக்குக் குறையாமல் சோடியம் குளோரைடு இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிர்ணயம். சந்தையில் எண்தான் பேசும். நாக்கின் சொல் அங்கே ஏறாது. ஆனால் எண்ணை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர், உப்பில் நின்று உழைப்பவர் வேறொருவர் என்றிருக்கும்வரை, பிழை கருவியுடையதாயினும் பழி உழைப்பவனுக்கே போய்ச் சேரும்.

நண்பர்களே! நம்மில் பலருடைய பெற்றோர் வயலையும் தறியையும் கடலையும் நன்கு அறிந்தவர்கள். அந்த அறிவுக்குப் பெயரும் எண்ணும் சூட்ட வாய்ப்பற்றவர்கள். அதைச் செய்வதற்கே நாம் இங்கு வந்திருக்கிறோம் என்று நம்புகிறேன். பட்டம் பெற்ற பின் என் முதல் சம்பளத்தில் ஒரு ஹைட்ரோமீட்டரும் ஒரு வெப்பமானியும் வாங்கித் தந்தையாரின் கையில் கொடுப்பேன். வாசிக்க நான் கற்றுத் தருவேன். நீரின் நிறத்தை அவர் எனக்குக் கற்றுத் தரட்டும்.