ஞாயிறு அறியாத செல்கள்

ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பஸ்களுக்குப் பஞ்சமில்லை. அங்கிருந்து பெங்களூர் ஆய்வுக்கூடத்துக்குப் போகும் வழிதான் பலருக்குத் தெரியாது. 1956 வரை கோவை மாவட்டத்தில் இருந்த கொள்ளேகால் பகுதி இது. பிறகு மைசூர், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். இங்கிருந்து பி.எஸ்சி. படிக்கப் போகும் பெண்ணுக்குக் கோடை விடுமுறை என்றால் வீட்டு வேலை, உறவினர் கல்யாணம்.

வழி இருக்கிறது. மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து கல்லூரி மாணவர்களை இரண்டு மாதம் உதவித்தொகையோடு ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்புகின்றன. ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர்நிலை அறிவியல் ஆய்வு மையத்திலும் கோடைத் திட்டம் உண்டு. அங்கே மனீஷா இனாம்தாரின் குழு மனிதக் கரு ஸ்டெம் செல் வரிசைகளையே உருவாக்கியிருக்கிறது.

ஸ்டெம் செல் கூடத்துக்குப் போகும் மாணவி முதல் வாரம் பெரும்பாலும் வேடிக்கைதான் பார்ப்பார். கிளவுஸ் மேல் 70 சதவீத ஆல்கஹால் தெளிக்கக் கற்பார். இன்குபேட்டரில் 37 டிகிரி வெப்பம், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. ரோஜா நிற ஊட்டத் திரவம் மஞ்சளானால் அமிலம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். கலங்கினால் கிருமி புகுந்துவிட்டது. பத்து நாள் உழைப்பையும் சேர்த்துக் கொட்ட வேண்டியதுதான். கரு ஸ்டெம் செல்களுக்கு அனேகமாகத் தினமும் திரவம் மாற்ற வேண்டும். ஞாயிறு கிடையாது. கவனிக்காமல் விட்டால் அவை இஷ்டத்துக்கு வேறு வகை செல்களாக மாறத் தொடங்கிவிடும். எதுவாகவும் மாறக்கூடியதை மாறாமல் காப்பதே பாதி வேலை.

சங்கடம் ஊர் திரும்பியதும்தான். "ஏம்மா, அந்த ஊசி போட்டா தாத்தா எழுந்து நடப்பாராமே?" பக்கவாதத்துக்கும் ஆட்டிசத்துக்கும் ஸ்டெம் செல் வைத்தியம் என்று விளம்பரம் செய்யும் கிளினிக்குகளின் குரல் கிராமம் வரை எட்டுகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டு நெறிகள் தெளிவாகவே இருக்கின்றன. சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கு அங்கீகரிக்கப்பட்ட ரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர, மற்றதெல்லாம் அனுமதி பெற்ற சோதனைக்குள் மட்டுமே. ஜப்பானின் யமனாகா எலியின் தோல் செல்லை நான்கு ஜீன்களால் ஸ்டெம் செல் போல மாற்றியது 2006இல். நோபல் பரிசு 2012இல். நம்பிக்கைக்கு இடமுண்டு. ஆனால் ஒரு தட்டு செல்லைக் காக்கவே எவ்வளவு பாடு என்பது இரண்டு மாதம் அங்கே நின்றவருக்குத் தெரியும்.

நிலத்தை விற்று ஊசி போடலாமா என்று யோசிக்கும் குடும்பத்திடம், "அவசரப்படாதீங்க, பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க" என்று சொல்ல இனி ஊரிலேயே ஒருவர் இருப்பார்.