தறிக்குப் பக்கத்தில் ஒரு ஃபிரிட்ஜ்

தறி போட்ட வீட்டில் ஃபிரிட்ஜுக்கு இடம் பிடிப்பது லேசில்லை. திருப்பருத்திக்குன்றத்தில் எங்கள் அத்தை வீட்டுக் கூடத்தில் பாதி தறிக்கே போய்விடும். பீரோ, டிவி, பிள்ளைகளின் படிப்பு, ராத்திரிப் படுக்கை எல்லாம் மிச்சத்தில்தான். அதிலும் ஒரு மூலையை விட்டுக்கொடுத்து வாங்கும் சாமான், நாலைந்து வருஷத்தில் காயலான் கடைக்குப் போகக்கூடாது. புதுசு பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தபோது அத்தை தெளிவாகச் சொல்லிவிட்டார்: "பூப்போட்ட கதவு எல்லாம் வேணாம்டா கண்ணு. மாவு புளிக்காம இருக்கணும். நடுவுல காலை வாரக் கூடாது. அவ்வளவுதான்."

பண்டம் கெடாமல் பார்த்துக்கொள்வது காஞ்சிபுரத்துக்குப் புதிய வித்தையில்லை. வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியில் மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வேகவைக்கிறார்கள். சாதாரண இட்லியைவிட அது நாள் தாங்கும். எங்கள் ஊர் சமணக் கோயிலைச் சுற்றி வளர்ந்த நெறியோ பொழுது சாய்வதற்குள் உண்டு முடிக்கச் சொல்கிறது. ராத்திரிக்கு எடுத்துவைக்கும் பேச்சே அதில் குறைவு. இன்றைக்கு நிலைமை வேறு. மாமா தறியில் உட்கார்ந்தால் அத்தை தார் சுற்ற வேண்டும், இழை அறுந்தால் கூடமாட நிற்க வேண்டும். தினம் மாவாட்ட முடியாது. வாரத்துக்கு ஒருமுறை அரைத்து வைத்தால்தான் வீடு ஓடும். அதனால் இந்த வீட்டில் ஃபிரிட்ஜ் ஆடம்பரம் இல்லை. அதுவும் நெசவுக்குத் துணை நிற்கும் சாமான்.

கடைக்குப் போகும் முன் பழைய பெட்டியைப் பழுது பார்க்கும் மெக்கானிக்கிடம் போனேன். எது நல்ல ஃபிரிட்ஜ் என்று விற்பவரைவிட, செத்த ஃபிரிட்ஜ்களைத் திறந்து பார்த்தவருக்குத்தான் அதிகம் தெரியும் என்பது என் எண்ணம். அவர் அத்தையின் பழைய பெட்டியில் ஃபிரீசரை டார்ச் அடித்துக் காட்டினார். அலுமினியத் தகட்டில் கடுகளவு ஓட்டை. முன்பே ஒருமுறை அடைத்த தழும்பு. "ஐஸைக் கத்தியால சுரண்டுறாங்கண்ணே. இந்தத் தகட்டுக்குள்ளதான் கேஸ் ஓடுது. ஒரு குத்து போதும்." பிறகு ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்தது. தாள் பிடித்து நிற்காவிட்டால் கதவு ரப்பர் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். வெளிச் சூடு உள்ளே போய்க்கொண்டே இருக்கும், கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடித் தேயும். சில நூறு ரூபாய் ரப்பரைக் கவனிக்காமல் விட்டுப் பல ஆயிரம் ரூபாய் கம்ப்ரசரை இழப்பவர்கள்தான் ஜாஸ்தி என்றார்.

அதைக் கேட்டபோது எனக்குத் தறிதான் ஞாபகம் வந்தது. மாமாவின் தறியில் நாடா மாறியிருக்கிறது, விழுது மாறியிருக்கிறது, பண்ணை மாறியிருக்கிறது, மிதிபலகைகூடப் புதுசு. தறி மட்டும் அதே தறி. தேய்ந்ததை மட்டும் கழற்றி மாற்ற முடிவதால்தான் அது இத்தனை காலம் நிற்கிறது. ஃபிரிட்ஜையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அப்படிப் பார்த்தால் ஷோரூமில் கேட்க வேண்டிய கேள்விகளே மாறிவிடுகின்றன. பழைய பெட்டிகளின் முதுகில் கறுப்புக் கம்பி வலை தெரியும். சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் அதுதான். இப்போது பல மாடல்களில் அது பக்கச் சுவருக்குள், ஃபோமுக்குள் புதைந்திருக்கிறது. முதுகு வழவழவென்று அழகாக இருக்கும். உள்ளே கசிந்தால் பிரித்துப் பார்க்க வழியில்லை. வெளியே தனியாக ஒரு கண்டென்சரை மாட்டித்தான் சமாளிக்க வேண்டும். குழாய் செம்பா, அலுமினியமா என்றும் கேட்கலாம். செம்பைப் பற்றவைப்பது சுலபம். கேஸ் இப்போது பெரும்பாலும் ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். ஓசோனைக் கெடுக்காது, சில பத்து கிராம் இருந்தாலே போதும். ஆனால் தீப்பிடிக்கும் வாயு என்பதால் பழக்கமில்லாத கையில் விடக்கூடாது. அதை அடைக்கத் தெரிந்தவர் பக்கத்தில் யார் என்பதை வாங்கும் முன்பே விசாரித்துவைப்பது நல்லது.

ஃபிராஸ்ட் ஃப்ரீயா, சாதாரண சிங்கிள் டோரா என்பதில் நான் சிங்கிள் டோர் பக்கம். ஐஸ் தானாகக் கரைய ஃபிராஸ்ட் ஃப்ரீயில் ஃபேன், ஹீட்டர், சென்சார் என்று தனிக் குடும்பமே உள்ளே இருக்கிறது. ஒவ்வொன்றும் கெடக்கூடிய ஒரு சாமான். பெரிய குடும்பத்துக்கு, ஃபிரீசரை நிறையப் பயன்படுத்துகிறவர்களுக்கு அது தேவைதான். அத்தை வீட்டில் மூன்று பேர். இன்வெர்ட்டர் கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடுவதால் அதிர்வு குறைவு, சத்தமும் குறைவு. அதன் எலக்ட்ரானிக் போர்டு போனால் செலவு அதிகம்.

ஸ்டார் விஷயத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2006-இல் வந்த இந்த லேபிளில் நட்சத்திரத்தைவிடப் பயனுள்ளது, வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும் எண். சிறிய சிங்கிள் டோர் பெட்டிக்கு அது 200-க்குள்தான் இருக்கும். இரண்டு மாதக் கணக்கில் முப்பது யூனிட் சொச்சம். கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-இல் 300 ஆனது. அந்த வீட்டில் கூடுதல் ஸ்டாருக்குச் சில ஆயிரம் தருவதைவிட, அதே பணத்தில் நல்ல ஸ்டெபிலைசர் வாங்குவது பெட்டியின் ஆயுளைக் கூட்டும். லோ வோல்டேஜில் திணறித் திணறிக் கிளம்பும் கம்ப்ரசரின் காயில் சூடேறிக் கருகிவிடுகிறது. ஏசி வைத்து 500 யூனிட்டைத் தொடும் வீடுகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் ஸ்டார் பார்த்தே வாங்கட்டும்.

"பத்து வருஷ வாரண்டி" என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் கம்ப்ரசருக்கு மட்டும். முழுப் பெட்டிக்கு ஒரு வருஷம்தான். கேஸ், கூலி, போக்குவரத்து யார் தலையில் என்பதைப் பில் போடும் முன் படித்துப் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்திலேயே சாம்சங் தொழிற்சாலையில் ஃபிரிட்ஜ் தயாராகிறது. இருந்தும் கதவு ரப்பர் வேண்டுமென்றால் அங்கே போய் நிற்க முடியாது. எந்தக் கம்பெனியானாலும் சர்வீஸ் சென்டர்தான். பழுதுபார்ப்பு விவரங்களை வாங்கியவர் தெரிந்துகொள்ள 2022 டிசம்பரில் மத்திய அரசு ஓர் இணையதளம் திறந்தது. நல்ல தொடக்கம். இத்தனை வருஷத்துக்கு ஸ்பேர் கிடைக்கும் என்று ஒவ்வொரு பெட்டியிலும் அச்சடித்து ஒட்டும்வரை இந்த முயற்சியை விடக்கூடாது என்பேன்.

கடைசியில் 190 லிட்டர் சொச்சத்தில் ஒரு சிங்கிள் டோர். கதவு ரப்பரைத் தனியாக மாற்றலாம், தெர்மோஸ்டாட் கையால் திருகுவது, மெக்கானிக்குக் கைப்பழக்கமான மாடல். தறியிலிருந்து தள்ளி, சுவரைவிட்டு ஒரு சாண் விலக்கி, ஸ்டாண்டு மேல் ஏற்றி வைத்தோம். தரையின் ஈரம்தான் பழைய பெட்டியின் அடித்தகட்டைத் தின்றது. பழையதை மெக்கானிக்கே எடுத்துக்கொண்டார். அதன் கம்ப்ரசர் இன்னும் நன்றாக ஓடுகிறதாம். ஐயங்கார்குளத்தில் அதே மாடல் வைத்திருக்கும் ஒரு வீட்டுக்கு அது வேண்டியிருக்கிறதாம்.